கரையில் நிற்கும் பெண்கள் நீரில் இறங்கட்டும்

2016ஆம் ஆண்டில் லிஸ்ஸி கார் என்ற இங்கிலாந்துப் பெண், பேடில் போர்டு எனப்படும் காற்றடைத்த பலகை ஒன்றின் மேல் ஏறி நின்று, கையில் ஒற்றைத் துடுப்புடன் கோடால்மிங் என்ற தென்பகுதி ஊரிலிருந்து புறப்பட்டார். ஆறும் கால்வாயுமாக 22 நாள் பயணம். துணைப்படகு இல்லை, கூட வர ஆள் இல்லை. வடக்கே கெண்டல் நகரில் கரையேறியபோது ஏறத்தாழ 640 கிலோமீட்டர் கடந்திருந்தார். தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று உடம்பு தேறிவந்த நாட்களில்தான் அவர் இந்தப் பலகையில் நிற்கவே பழகினார்.

பயணத்தைவிட முக்கியமானது அவர் வழியில் செய்த வேலை. கண்ணில் பட்ட பிளாஸ்டிக் குப்பையையெல்லாம் படம் எடுத்தார். எந்த இடத்தில் எடுத்தது என்பதையும் சேர்த்துக் குறித்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் சேர்ந்தன. இங்கிலாந்தின் நீர்வழிகளில் எந்த வளைவில் எவ்வளவு குப்பை ஒதுங்குகிறது என்பதற்கு ஒரு வரைபடம் கிடைத்தது. அதிலிருந்து பிறந்த இயக்கம்தான் இன்றைய ‘பிளானட் பேட்ரோல்’. மறு ஆண்டே லிஸ்ஸி ஆங்கிலக் கால்வாயைப் பேடில் போர்டில் தனியாகக் கடந்த முதல் பெண் ஆனார். அப்போதும் வழியில் நீர் மாதிரி எடுத்துக்கொண்டே போனார்.

2018இல் கால் மேஜர் என்ற கால்நடை மருத்துவர், பிரிட்டனின் தென்மேற்கு முனையான லேண்ட்ஸ் எண்டிலிருந்து வடகிழக்கு முனையான ஜான் ஓ’கிரோட்ஸ் வரை 59 நாட்களில் இதே பலகையில் சென்று சேர்ந்தார். அதே 2018இல் ‘ஷீ பேடில்ஸ்’ என்ற பெயரில், பெண்களைத் துடுப்பு விளையாட்டுகளுக்குள் அழைத்துவரும் இயக்கத்தை அந்நாட்டுத் துடுப்புப் படகுச் சங்கம் தொடங்கியது. இப்போது அங்கே பெண்களுக்கென்றே வார இறுதி முகாம்கள் நடக்கின்றன. சனிக்கிழமை காலையில் வந்து பலகையில் நிற்கக் கற்றுக்கொள்வார்கள். மாலையில் அந்த ஆற்றின் செடிகொடிகளையும் பறவைகளையும் பற்றி ஒருவர் சொல்லக் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நீரில் போய்க் குப்பை எடுப்பார்கள், நீரைச் சோதிப்பார்கள்.

காசு உள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஒதுக்கக் கூடாது. இந்த ஏற்பாட்டுக்குள் தமிழ்நாட்டுக்கு அவசரமாகத் தேவையான ஒன்று இருக்கிறது. நீரும் நீச்சலும் நீரைக் காக்கும் வேலையும் பெண்களுக்கு ஒரே இடத்தில் கிடைக்கின்றன. நம் ஊரில் இந்த மூன்றும் தனித்தனியாகக் கிடக்கின்றன. முதல் இரண்டு பெரும்பாலான பெண்களுக்குக் கிடைப்பதேயில்லை.

பலகையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். நீளம் சுமார் பத்தரை அடி. சுருட்டினால் ஒரு முதுகுப் பைக்குள் அடங்கிவிடும். தொளதொளவென்று கிடக்கும் அதைக் கைப்பம்பால் அடிக்க அடிக்க, அழுத்தம் 15 பி.எஸ்.ஐ.யை நெருங்கும்போது மரக்கட்டை போல விறைத்துக்கொள்ளும். நடுவில் தூக்கிச் செல்ல ஒரு கைப்பிடி. அதற்கு இருபுறமும் முழங்காலை ஊன்றி முட்டி போடுவதுதான் முதல் பாடம். பிறகு முழங்கால் இருந்த இடத்தில் ஒவ்வொரு பாதமாக வைத்து எழ வேண்டும். காலைக் குனிந்து பார்த்தால் கவிழ்வது நிச்சயம். பார்வை எதிர்க்கரையில் இருக்க வேண்டும். துடுப்பின் அலகு தண்டிலிருந்து சற்றே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு முன்பக்கம் இருப்பதுதான் சரி. புதிதாக வருபவர்கள் நீரை அள்ளித் தள்ள வசதி என்று நினைத்துப் பின்பக்கமாகத் திருப்பிப் பிடிப்பார்கள். திருத்திப் பிடித்ததும் பலகை நேராக ஓடத் தொடங்கும்.

விழுவது பாடத்தின் ஒரு பகுதி. விழுந்து, நீரிலிருந்தபடியே பலகையின் நடுப்பகுதியைப் பிடித்து, காலை உதைத்து வயிற்றால் ஏறத் தெரியாத ஒருவரை ஆழத்துக்கு அனுப்பக் கூடாது. நல்ல பயிற்சியாளர்கள் முதல் அரை மணி நேரத்துக்குள்ளாகவே எல்லோரையும் வேண்டுமென்றே விழச் சொல்வார்கள். அந்த விழுதலுக்குப் பிறகு முகத்தில் இருந்த பயம் பாதி கரைந்துவிடும்.

நின்று போவதால் இன்னொரு நன்மை. கயாக் படகில் உட்கார்ந்து பார்த்தால் நீரின் மேல் வானத்தின் பளபளப்புதான் கண்ணில் அடிக்கும். நின்றால் பார்வை மேலிருந்து இறங்குகிறது. நீருக்கு அடியில் இருப்பது தெரிகிறது. மணலில் புதைந்த திருக்கை, கடற்புல் திட்டு, அதில் சிக்கிக் கிடக்கும் நைலான் வலை எல்லாம் தெரியும். இயந்திரச் சத்தம் இல்லை, டீசல் நாற்றம் இல்லை, முழங்கால் அளவு நீரிலும் போகலாம். ஓர் ஆற்றின் நிலையைக் கண்ணால் அளக்க இதைவிடச் சிறந்த வாகனம் அதிகம் இல்லை.

ஆனால் அளந்ததை எழுத வேண்டும். இந்த இடத்தில்தான் பல முகாம்கள் கோட்டை விடுகின்றன. பத்து மூட்டைக் குப்பை எடுத்து, அதன் முன்னால் வரிசையாக நின்று படம் பிடித்துக்கொண்டு கலைந்துவிட்டால், அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே பத்து மூட்டை வந்து சேரும். எது எவ்வளவு கிடைத்தது, எங்கே கிடைத்தது, யாருடைய தயாரிப்பு என்ற கணக்கு இருந்தால்தான் அடுத்த கேள்வியைக் கேட்க முடியும்.

இந்தக் கணக்கெழுதும் மரபைத் தொடங்கி வைத்தவர்களே இரண்டு பெண்கள்தாம். 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓ’ஹாரா இருவரும் ஒரு துப்புரவுப் பணியை ஏற்பாடு செய்தார்கள். சுமார் 2,800 பேர் வந்தார்கள். எடுக்கும் ஒவ்வொரு பொருளையும் அட்டையில் குறித்த பிறகே பையில் போட வேண்டும் என்பது ஏற்பாடு. இன்று உலகெங்கும் செப்டம்பரில் நடக்கும் பன்னாட்டுக் கடற்கரைத் துப்புரவு நாள் அதிலிருந்து வளர்ந்ததுதான். உலகின் கடற்கரைகளில் அதிகம் ஒதுங்குவது சிகரெட் துண்டா, உணவு உறையா, பாட்டில் மூடியா என்று இன்று யாராவது நிச்சயமாகச் சொல்கிறார் என்றால், அது அந்த அட்டைகளின் தயவு.

கணக்கு சட்டத்தையும் அசைக்கும். இங்கிலாந்தின் இல்க்லி ஊர் மக்கள் தங்கள் ஊர் வழியாக ஓடும் வார்ஃப் ஆற்றில் கழிவுநீர் கலப்பதைத் தாங்களே மாதிரி எடுத்து நிரூபித்தார்கள். 2020 டிசம்பரில் அந்த ஆற்றின் ஒரு பகுதி அதிகாரபூர்வக் குளிப்பிடமாக அறிவிக்கப்பட்டது. அந்நாட்டில் ஓர் ஆற்றுக்கு அந்தத் தகுதி கிடைத்தது அதுவே முதல் முறை. அறிவித்துவிட்டால் அரசு ஒவ்வொரு கோடையிலும் நீரைச் சோதித்து முடிவை வெளியிட்டே ஆக வேண்டும். முடிவு ‘மோசம்’ என்றுதான் வந்தது. வரட்டும். முன்பு ஊர்ப்பேச்சாக இருந்தது இப்போது அரசின் ஏட்டில் இருக்கிறது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இங்கிலாந்தின் மழைநீர்ப் போக்கிகள் வழியாக 36 லட்சம் மணி நேரம் கழிவுநீர் திறந்துவிடப்பட்டது என்ற கணக்கை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையே வெளியிட வேண்டியதாயிற்று. ஆற்றில் இறங்கியவர்கள் கொடுத்த நெருக்கடிக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

சரி, இதெல்லாம் இருபாலரும் சேர்ந்தே செய்யலாமே, பெண்களுக்கு மட்டும் எதற்குத் தனி முகாம் என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கான பதில் கடலூரில் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஆக்ஸ்ஃபாம் அமைப்பு வெளியிட்ட ஆய்வறிக்கை, கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களைப் பிரித்துச் சொன்னது: ஆண்கள் 146, பெண்கள் 391. பச்சையாங்குப்பத்தில் இறந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். ஆண்கள் பலர் ஆழ்கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அலை உயரவில்லை. மீனை வாங்கி விற்கப் பெண்கள் கரையில் காத்திருந்தார்கள். அலை அங்கேதான் வந்தது. இலங்கையில் நீந்தவும் மரமேறவும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கே சொல்லித்தரப்படுகிறது, தப்பிக்க அது உதவியது என்றும் அதே அறிக்கை குறிப்பிட்டது. வாழ்நாள் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டு, அதன் மீனைக் கூடையில் சுமந்து, அந்த வருமானத்தில் குடும்பத்தை நடத்திய பெண்களுக்கு அந்தக் கடலில் மிதக்கத் தெரியவில்லை. யாரும் கற்றுத்தரவில்லை.

இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது. எச்சரிக்கைக் கோபுரங்கள் வந்தன, கரையோரத்தில் சவுக்கு நட்டார்கள், வீடுகள் கட்டினார்கள். பெண்களுக்கு நீச்சல்? கடலோர மாவட்டங்களின் ஒரு பொதுத் திட்டமாக அது இன்றுவரை எழவில்லை. 2021இல் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கே ஒவ்வொரு கோடையிலும் குளத்திலும் ஆற்றிலும் குவாரிக் குட்டையிலும் பிள்ளைகள் மூழ்கிய செய்தி வராத வாரம் இல்லை. ஒருத்தி மூழ்க, காப்பாற்றப் போன அக்காளும் தோழியும் சேர்ந்து போன செய்திகள் எத்தனை படித்திருக்கிறோம்.

முந்தைய தலைமுறையில் கிராமத்துச் சிறுமிகளில் சிலராவது இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றில் நீந்தப் பழகினார்கள். கிணறுகள் வற்றின. நகரத்து நீச்சல் குளங்களில் பெண்களுக்கு ஒதுக்கும் நேரம் வீட்டு வேலையும் அலுவலகமும் உள்ளவர்களுக்குத் தோதாக அமைவதில்லை. கடற்கரையிலோ, சுடிதார் நனைந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தால் யாராவது ஒருவர் கைபேசியை நீட்டிக்கொண்டிருப்பார். பெண்கள் மட்டும் என்ற ஏற்பாட்டின் அருமை அங்கேதான் புரியும். பயிற்சி கொடுப்பவரும் பெண், பக்கத்துப் பலகையில் தடுமாறுபவரும் பெண், மாதவிடாய் நாளானால் என்ன செய்வது என்று கூச்சமின்றிக் கேட்க ஆள் உண்டு, எந்த உடையில் இறங்கினாலும் எவரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நாற்பது வயதில் முதன்முறை நீரில் இறங்கும் ஒருவருக்கு இந்தப் பாதுகாப்பு மிகவும் அவசியம்.

இலங்கையின் கிழக்குக் கரையில் அறுகம்பை மகளிர் சர்ஃப் கிளப் 2018இல் தொடங்கியபோது அந்நாட்டில் அப்படியொரு பெண்கள் கிளப் அதற்கு முன் இருந்ததில்லை. அலைச்சறுக்கு ஆண்களுக்கும் வெளிநாட்டினருக்கும் உரியது, பெண்கள் வீட்டில் இருக்க வேண்டும் என்ற ஊர்ப்பேச்சைத் தாண்டித்தான் அவர்கள் கடலுக்குள் போனார்கள். இந்தியாவில், மங்களூருக்கு அருகே முல்கியில் பழகிய தன்வி ஜகதீஷ் பேடில் போர்டு போட்டிகளில் முன்னோடிப் பெண்ணாக அறியப்படுகிறார். சென்னையை அடுத்த கோவளத்தில் மீனவ இளைஞரான மூர்த்தி மேகவன் முன்நின்று 2012இல் உருவாக்கிய அலைச்சறுக்குப் பள்ளி அந்தக் குப்பத்துப் பிள்ளைகளைச் சாம்பியன்களாக்கியிருக்கிறது. கட்டுமரத்தில் துடுப்புப் போட்டு வளர்ந்த சமூகத்துக்குப் பலகையில் நிற்பது பெரிய வித்தையில்லை. குப்பத்துப் பையன்கள் அதைச் செய்து காட்டிவிட்டார்கள். அவர்களின் அக்கா தங்கைகளில் அதே அளவுக்குப் பேர் இன்னும் நீரில் இல்லை. பல மீனவ ஊர்களில் பெண்கள் படகில் ஏறக் கூடாது என்ற தடை பேச்சளவிலாவது இன்னும் உயிரோடிருக்கிறது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் பெண்களுக்கான நீர் முகாம் எதுவும் அந்த விதிவிலக்கைக் குருவாக ஏற்காமல் நடக்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை.

இராமநாதபுரம் மாவட்டத்தில், பாம்பனைச் சுற்றிய ஊர்களில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று பாசிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்கள் உண்டு. சேலைக்கு மேல் ஆண்களின் சட்டை, கண்ணில் நீர்க்கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் பை. ஜெல்லியும் ஐஸ்கிரீமும் கெட்டிப்பட உதவும் அகர் அகர் இந்தப் பாசியில் ஒரு வகையிலிருந்துதான் வருகிறது.

1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப் பாறைகளைக் காக்க அது தேவைதான். ஆனால் அதுவரை தீவுகளுக்குப் போய்ப் பாசி எடுத்தவர்கள் ஒரே அறிவிப்பில் அத்துமீறுபவர்களாகிவிட்டார்கள். பிடிபட்டால் படகும் பாசியும் பறிபோகும். அந்த நெருக்கடிக்கு நடுவே பெண்கள் சங்கமாகத் திரண்டு தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாட்கள் மட்டும் பாசி எடுப்பது, கையால் மட்டும் பறிப்பது, பாசி திரும்ப வளர இடைவெளி விடுவது. அவர்களை வழிநடத்திய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கு அமெரிக்காவைச் சேர்ந்த அமைப்பு ஒன்று தரும் பரிசு அது. கடலைக் காக்கும் விதியை எழுதிய கை, அந்தக் கடலிலிருந்து பிழைத்த கைதான்.

பிச்சாவரத்திலும் பழவேற்காட்டிலும் இருளர் பெண்கள் இருக்கிறார்கள். கழிமுகச் சேற்றில் மார்பளவு நீரில் இறங்கி, கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். பனையோலையில் முடைந்த பறியின் வாயைப் பல்லில் கடித்துக்கொண்டால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். எந்த மாதத்தில் சேறு இறுகுகிறது, எந்த ஓரத்தில் இறால் குறைந்தது என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். எண்ணூர்க் கழிமுகத்தில் ‘காக்கா ஆழி’ என்ற அயல்நாட்டுச் சிப்பி பரவி, அடியைக் கம்பளமாக மூடி, மட்டியையும் இறாலையும் விரட்டுவதை முதலில் கண்டு சொன்னவர்கள் அங்கே நீரில் இறங்கிப் பிழைப்பவர்களே. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்தபோதும் அப்படித்தான்.

நகரத்துப் பெண்கள் இருபது பேர் பிச்சாவரத்துக்கு வார இறுதியில் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுரபுன்னைக்கும் தில்லைக்கும் வித்தியாசம் சொல்ல, நீர் ஏறும் நேரம் இறங்கும் நேரம் பார்க்க, எங்கே கால் வைத்தால் உளை இழுக்கும் என்று காட்ட, அந்த இருளர் பெண்களைவிடத் தகுதியான ஆசிரியர் கிடைப்பாரா? அவர்களை ஆசிரியராக அமர்த்தி, பயிற்சியாளருக்குத் தரும் அதே ஊதியத்தைத் தர வேண்டும். மீன் குழம்பு சமைத்துத் தரவும் பலகையைத் தூக்கி வைக்கவும் மட்டும் உள்ளூர்ப் பெண்களை அழைக்கும் முகாம், எத்தனை மூட்டைக் குப்பை எடுத்தாலும், அந்த ஊருக்கு ஒன்றும் செய்ததாகாது. சென்னை ஊரூர்க் குப்பத்தின் மீனவர் எஸ்.பாளையம் காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிய மீனவர் அறிவைப் பதிவு செய்திருக்கிறார். வன்னி, தெண்டி என்று ஓட்டத்துக்குப் பெயர் சொல்லி நாளைய கடலை இன்றே கணிக்கும் அறிவு அது. பலகையோடு கடலுக்குள் போகும் எவருக்கும் வானிலைச் செயலியோடு இதுவும் வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிக் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. 2021 அக்டோபர் 30 அன்று வேல்ஸின் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் நகரில், மழையால் பெருக்கெடுத்து ஓடிய கிளெடாவ் ஆற்றில் ஒரு குழு பேடில் போர்டில் இறங்கியது. அதுவும் ஒரு வார இறுதிப் பயணம்தான். நகருக்குள் இருந்த தடுப்பணையில் நீரோடு இழுபட்டு விழுந்து நான்கு பேர் இறந்தார்கள், மூவர் பெண்கள். பயணத்தை நடத்தியவருக்கு அந்தச் சூழலுக்கேற்ற பயிற்சித் தகுதி இல்லை என்பதும், வந்தவர்களுக்குத் தடுப்பணையின் ஆபத்து ஒழுங்காக விளக்கப்படவில்லை என்பதும், ஓடும் நீருக்குப் பொருந்தாத கயிறுகளை அவர்கள் கட்டியிருந்தார்கள் என்பதும் பிறகு விசாரணையில் தெரிந்தன. 2025இல் அவருக்குப் பத்தரை ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடலிலும் ஏரியிலும் பலகையைக் கணுக்காலோடு ஒரு கயிறு பிணைத்திருக்கும். விழுந்தால் பலகை விலகிப் போகாது. அதைப் பிடித்து மிதக்கலாம். ஓடும் ஆற்றில் அதே கயிறு எமனாகிவிடும். ஒரு மரக்கிளையிலோ பாறையிலோ கயிறு மாட்டிக்கொண்டால், வெள்ளத்தின் விசையை எதிர்த்துக் குனிந்து கணுக்காலை எட்ட எவராலும் முடியாது. அதனால் ஓடும் நீரில் இடுப்பு வாரில் கட்டி, ஒரே இழுப்பில் கழன்றுவிடும் கயிறுதான் வேண்டும். ஆகாயத்தாமரை மண்டிய வாய்க்காலும் படித்துறையும் மதகும் தடுப்பணையும் நிறைந்த நம் ஆறுகளுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். முகாமுக்குப் பணம் கட்டும் முன் பெண்கள் கேட்க வேண்டிய கேள்விகள், தங்கும் அறையில் ஏ.சி. உண்டா என்பதைவிட இவைதான்: ஆற்றுக்கு எந்தக் கயிறு, எத்தனை பேருக்கு ஒரு பயிற்சியாளர், அவர் எங்கே தகுதி பெற்றார், மழை பெய்தால் ரத்து செய்வீர்களா?

நீரில் இறங்குபவர்கள் நீருக்குச் செய்யும் தீங்கும் உண்டு. சத்தமில்லாமல் நெருங்கும் நின்ற உருவத்தைக் கண்டு பறவைகள் படகைக் கண்டு மிரள்வதைவிடச் சில சமயம் அதிகமாக மிரளும். பழவேற்காட்டில் பூநாரைகள் இரை தேடும் பருவத்தில் அவற்றின் திட்டை நோக்கிப் பலகையைத் திருப்புவது இயற்கை நேசம் ஆகாது. பாக் விரிகுடாவில் 2022இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. அங்கே ஆவுளியா எனப்படும் கடற்பசு மேயும் கடற்புல்லின் மேல் வயிறு உரசப் பலகையை ஓட்டுவதும், நடுவே இறங்கி மிதிப்பதும் தவிர்க்க வேண்டியவை. பவளப் பாறைக்குக் கேடு என்று ஹவாய் மாநிலம் 2021 முதல் இரண்டு வேதிப்பொருள்கள் கலந்த வெயில் களிம்புகளின் விற்பனையைத் தடை செய்துவிட்டது. மன்னார் வளைகுடாவுக்குப் போகிறவர்கள் களிம்புக்குப் பதில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளலாம், பாசிப் பெண்கள் போடுவதுபோல.

இன்னொன்று பலகையைக் கழுவுவது. ஒரு நீர்நிலையின் களைத்துண்டும் சிப்பிக் குஞ்சும் ஈரம் காயாத பலகையில் ஒட்டிக்கொண்டு அடுத்த நீர்நிலைக்குப் போய்விடும். பிரிட்டனில் ‘சோதி, கழுவு, காயவை’ என்பதைத் துறையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணூரில் ஓட்டிய பலகையைக் கழுவாமல் மறுநாள் முட்டுக்காட்டில் இறக்கினால் காக்கா ஆழிக்கு நாமே வண்டி ஓட்டியதாகிவிடும்.

தனியார் முகாம்கள் தங்கள் போக்கில் நடக்கட்டும். கடலோர மாவட்ட நிர்வாகங்களும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் வனத்துறையும் சேர்ந்தால், அதே முகாம் குப்பத்துப் பெண்ணுக்கும் எட்டும். கோவளம் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. உயிர்காக்கும் ஆட்களும் நீர்ப் பரிசோதனையும் அந்தச் சான்றுக்கு நிபந்தனை. அப்படி ஏற்கெனவே வசதி உள்ள இடத்தில் தொடங்கலாம். மாதத்தில் ஒரு வார இறுதி பெண்களுக்கு. முதல் நாள் மிதக்கவும் நீந்தவும் மட்டும். இருபத்தைந்து மீட்டர் நீந்திக் காட்டிய பிறகே பலகை. இடங்களில் சரிபாதி அந்த ஊர் மீனவக் குடும்பப் பெண்களுக்குக் கட்டணமின்றி ஒதுக்கப்பட வேண்டும். வந்துபோகும் நகரத்துப் பெண்கள் கட்டும் தொகையிலிருந்தே அதைச் சமாளிக்க முடியும். தேர்ச்சி பெற்றவர்களில் விருப்பமுள்ளவர்களுக்கு உயிர்காப்பாளர் பயிற்சியும் வேலையும் தரலாம். நம் கடற்கரைகளில் பெண் உயிர்காப்பாளர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய நிலை மாறும்.

பதிவேடும் தமிழில் இருக்க வேண்டும். குப்பை வகை, எண்ணிக்கை, இடம், நீரின் நிறம், நாற்றம், செத்து மிதந்தது எது, புதிதாகக் கண்ட சிப்பியோ செடியோ எது என்று பத்தே கேள்விகள் கொண்ட ஒரு தாள் போதும். 2025 தொடக்கத்தில் சென்னைக் கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, எங்கே எத்தனை என்ற கணக்கு அரசுக்கு முன்பே தன்னார்வலர்களிடம் இருந்தது. 1988 முதல் இரவில் கடற்கரையை நடந்தே அளக்கும் மாணவர் ஆமைப் பாதுகாப்பு அமைப்பின் பழக்கம் அதற்குக் கை கொடுத்தது. நீருக்குள்ளும் அப்படியொரு பழக்கம் வேண்டும். அந்தத் தாளின் ஒரு படி ஊராட்சி அலுவலகத்துக்கும், இன்னொன்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கும் போக வேண்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில், அதை நிரப்பிய பெண்களில் ஒருவர் எழுந்து வாசிக்கட்டும். மூன்று மாதங்களுக்கு முன் கொடுத்த தாளுக்கு என்ன பதில் என்று அதிகாரியைப் பெயர் சொல்லிக் கேட்கட்டும்.